மூளித் தட்டு

"மூளி எங்கே இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!" என்றான் அருங்காட்சியகத்தில் பழுது பார்ப்பவன். உடைந்த பீங்கானோ மங்கிய போட்டோவோ, அவன் கைபட்டால் புத்தம் புதுசுதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்தது அந்தப் பீங்கான் தட்டு. நடுவில் தேசியச் சின்னம். நாடு விடுதலையானபோது வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தது. அதைக் கண்காட்சிக்குத் தந்திருந்த அம்மா, விளிம்பையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண் கலங்கியது.

"ரொம்ப சந்தோஷமாம்மா?"

"ஏன் தம்பி அதை அடைச்சீங்க?"

"சின்னத்துக்கு நேர் மேல விளிம்புல மூளி இருந்தா நாட்டுக்கே அசிங்கம்னு மேலதிகாரி சொன்னாரும்மா."

"என் பையன் நிக்கப் பழகுறப்போ மேஜை விரிப்பைப் பிடிச்சு இழுத்துட்டான். தட்டு அவன் நெத்தியில பட்டு, கீழே விழுந்து மூளியாச்சு. நெத்தியிலயும் பிறை மாதிரி தழும்பு. அவன் போனப்புறம் இந்த மூளியைத்தான் தடவிக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா இதைக் குடுத்தீங்க?"

"நாட்டுக்குன்னு கேட்டாங்க. அவனையும் அப்படித்தான் கேட்டாங்க."

அவள் பக்கத்து அறையைக் காட்டினாள். போரில் இறந்த வீரர்களின் படங்கள் அங்கே வரிசையாக மாட்டியிருந்தன.

"இப்பதான் பார்த்துட்டு வர்றேன். முன்வரிசையில சிரிச்சுக்கிட்டு இருக்கான். நெத்தியில தழும்பைத்தான் காணோம்."

பழுது பார்ப்பவன் அந்த அறையை எட்டிப் பார்த்தான். படத்தில் ஏதோ கீறல் என்று நினைத்து, அதை அழித்ததும் அவன்தான்.