ஓட்டை எங்கே?

“மேயர் தினமும் நடக்கிறார். மேயர் நன்றாகத் தூங்குகிறார். எனவே, நடந்தால் தூக்கம் வரும். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே?” படித்துவிட்டுப் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்தான் ராய்ஸ்.

“ரெண்டும் சேர்ந்தே இருந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு ஆயிடுமா?” என்றாள் அவன் தங்கை மார்னி, கண்ணைத் திறக்காமலே.

சனிக்கிழமை அவளுக்குச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. மூன்றாவது முறையாக எழுதுகிறாள். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து படிப்பு, அரைத்தூக்கம் எல்லாம் இந்த நாற்காலியில்தான்.

“புத்தகம் போதும். நானே கேக்கறேன்.” காலையில் போட்ட வயிற்றுத் தையல் இழுக்க, மெல்லத் திரும்பிப் படுத்தான். “அந்தச் சிடுமூஞ்சி நர்ஸ் இன்னிக்கு என்னை ‘செல்லம்’னு கூப்பிட்டா. அதனால, நான் பிழைக்க மாட்டேன்.”

மார்னி கண்ணைத் திறந்தாள். “லூசு. ஒரே ஒருத்தியை வெச்சு முடிவு கட்டுவியா? அவளுக்கு நாளைக்கு லீவா இருக்கும்.”

“பக்கத்துக் கட்டில்காரர் போறதுக்கு முந்தின நாள் சொந்தக்காரங்க வந்தாங்க. இப்ப ஃபார்கோலேர்ந்து எர்ல் மாமா கிளம்பிட்டாராமே?”

“அவங்க வந்ததாலயா அவர் செத்தார்? எர்ல் மாமா ஓசிச் சோறுன்னா எந்தப் பனியிலயும் வண்டியைக் கிளப்பிடுவாரு.”

ராய்ஸ் சிரித்தான். உடனே தையலைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே, அவன் ஓட்ட வேண்டிய பனி அள்ளும் லாரியை வேறு யாரோ ஓட்டிப் போனார்கள். “அந்த வளைவுல இடிக்கப்போறான் பாரு,” என்று முனகினான்.

பிறகு, “கடைசி ஒண்ணு. ஆபரேஷன் மத்தியானம் வரைக்கும் ஆகும்னாங்க. நீ கீழ போய்க் காபி குடிச்சுட்டு வரதுக்குள்ள முடிச்சுத் தெச்சுட்டாங்களாமே,” என்றான்.

மார்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சுலபமான கேஸா இருந்தாலும் சீக்கிரம்தான் முடியும். வேற காரணம் இருக்கலாம்னு நீ யோசிக்கவே இல்ல. அதான் ஓட்டை.” போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டாள். “டாக்டர் நாளைக்குக் காலையில வந்து உன்கிட்ட பேசறாராம். பேசாமத் தூங்கு.”

“எல்லாத்தையும் அடிச்சுத் தள்ளிட்டே. இந்தத் தடவை நீ பாஸ்தான்.”

மார்னி புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினாள். ராய்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என் காரணமெல்லாம் தப்புன்னே, சரி. என் முடிவு தப்புன்னு சொல்லவே இல்லியே, வக்கீலம்மா?”