அக்காவின் குரலுக்கு ஒரு குமிழ்

ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை. மேகம் மூடி, காற்று அசையாத நாள். ஒலிப்பதிவுக் கூடத்தின் கனத்த கதவு சாத்தியிருக்கிறது. அக்கா பாடிய முதல் திரைப்படப் பாடல் மதியம் ஒரு மணிக்குள் வந்து சேராவிட்டால், வேறொருத்தியைப் பாடவைத்துவிடுவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். உச்சத்தில் அவளுடைய குரல் சற்றே கீறுகிறது. அதைச் சரிசெய்யத்தான் ஒலிக்கலவை செய்யும் தம்பி கண்களை மூடிக்கொண்டு குரலை மென்மையாக்கும் கருவியின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறான். "இப்போ எப்படிக்கா?" என்கிறான். "கொஞ்சம் குழையுது. இன்னும் திருப்பு," என்று அவள் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தபடி தலையாட்டுகிறாள். காலையிலிருந்து இந்த ஒரே வரிதான் ஓடுகிறது. ஒருவழியாக, "இதேதான்டா," என்கிறாள். அவனுக்கும் உடம்பு சிலிர்க்கிறது. கண்களைத் திறந்து பார்க்கிறான். குமிழுக்கு மேலுள்ள சிறுவிளக்கு எரியவில்லை. அந்தக் கருவியை அவன் பாடலோடு இணைக்கவே இல்லை.

"அப்போ காலையிலேருந்து நான் எதுக்குடா மாடு மாதிரி தலையாட்டினேன்?"

"எனக்கும் குழைஞ்ச மாதிரிதானேக்கா கேட்டுச்சு."

அவன் பொத்தானை அழுத்த, விளக்கு எரிகிறது. அவ்வளவு திருப்பியதில் குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மங்குகிறது. பதறிப்போய் அணைக்கிறான். பழைய குரல் திரும்புகிறது.

"இப்போ கீறுதாக்கா?"

"தெரியலடா. நீ சொல்லு."

"எனக்கும் தெரியல."

மறுபடியும் குமிழை நோக்கி நீளும் அவன் கையை அவள் மெல்லத் தள்ளிவிடுகிறாள். "கீறினா கீறட்டும்," என்று அவன் தோளுக்கு மேலாக எட்டி, பாடலைத் தானே அனுப்புகிறாள். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.