படி திரும்புகிற இடம்

பழைய குடியிருப்பை இடித்த மண்ணில், புதுக் கட்டடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டிருந்தார்கள். குடியிருக்கப் போகிறவர்களே நடந்து பார்த்து மாற்றம் சொல்லலாம் என்றாள் இன்ஜினியர் பெண். ஆளாளுக்குத் தங்கள் அடுப்படியைத் தேடிப் போனார்கள். பவுனம்மா மட்டும் தன் வீட்டுப் பக்கமே போகவில்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் போய் மல்லாந்து படுத்தாள்.

"ஐயோ, என்ன ஆச்சும்மா?"

"ஒண்ணும் ஆவல. நாலு பேர வந்து தூக்கச் சொல்லு. கோட்டுல படாம திரும்ப முடியுதான்னு பாக்கணும்."

இன்ஜினியர் பெண்ணுக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்தது. பவுனம்மாவின் புருஷன் செத்தபோது, மூன்றாவது மாடியிலிருந்து நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் இறக்கினார்கள். படுத்த உடம்பு அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. ஒவ்வொரு படிக்கும் தலை ஆடியது. ஆமாம், ஆமாம் என்பதுபோல.

அன்று இறக்கிய நால்வரே வந்து தூக்கினார்கள். குதிகால் கோட்டைத் தாண்டியது.

"இடிக்குது," என்றாள் பவுனம்மா.

ஒருவர் காலால் கோட்டை அழித்தார். இன்ஜினியர் பெண் தள்ளிப் புதிதாகப் பொடி தூவினாள். இந்த முறை பவுனம்மா எங்கும் படாமல் திரும்பினாள்.

"சரியா இருக்குதாக்கா? இறக்கிடவா?" என்றார் தலைமாட்டில் பிடித்திருந்தவர்.

அவள் தெருப் பக்கம் கை காட்டினாள். கண்கள் திறந்தே இருந்தன. தரை சமம்தான்; ஆனாலும் நால்வரும் கோட்டுக்குக் கோடு படியிறங்குகிறவர்கள்போலக் கால் வைத்து நடந்தார்கள். தெருவில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.