பெயர் பதியாத கேஸ்

“யார் வீட்டு நாய் இது?” என்று டாக்டர் கேட்டார்.

உதவியாளர் பஞ்சு டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த மனுஷர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து பல மாதம் ஆகியிருந்தது. நாய் வந்தாலும் பூனை வந்தாலும் பார்ப்பார், ஊசி போடுவார், ‘ம்’ என்பார், கையைக் கழுவுவார். பிழைத்தாலும் அதே முகம், செத்தாலும் அதே முகம். தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து புலம்புகிற சொந்த அக்காவுக்குக்கூட அந்த ‘ம்’தான்.

அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இவள்தான் பேசித் தீர்ப்பாள். அதனால் அந்தப் பிராணிகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அவளுக்கு ‘லொடலொடா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

“எந்த நாய் சார்?”

“பேரு போடாம ஒரு கேஸ் நிக்குது, இங்க பாரு.” மேஜையில் குறுக்கே இருந்த சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

எல்லாம் மேஜை ஓரத்தில் சோப்புப் பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் ஏ.ஐ. கருவியின் வேலை. வாயில்லாத ஜீவன்களுக்காக வளர்ப்பவர்கள் வந்து சொல்வதையெல்லாம் கேட்டு, கேஸ் குறிப்பை அதுவே எழுதிவிடும். காலையில் அதன் பச்சை விளக்கைப் போட்டால் கதவைச் சாத்தும்போதுதான் அணைப்பார்கள். நடுவில் யார் வந்து பேசினாலும் அதை அணைக்க டாக்டர் மெனக்கெடுவதில்லை.

வருகிறவர்களின் பெயரை லொடலொடா சேர்ப்பாள். சாயங்காலம் டாக்டர் எதையும் படிக்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். பெயரில்லாத குறிப்பில் மட்டும் கையெழுத்து விழாது. வேறு வழியில்லாமல்தான் இன்றைக்குப் படித்தார்.

‘ஆண். கூடவே இருந்த பெண் துணை இறந்ததிலிருந்து சரியில்லை. வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறது. எலும்பு தெரிய இளைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ராத்திரியெல்லாம் தூங்காமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. துணையின் போர்வையைத் துவைக்க எடுத்தால் கடிக்க வருகிறது. விவரம் சொன்னவர்: பெண். மருத்துவர் தந்த ஆலோசனை: ம்.’

“நாயா பூனையான்னுகூட எழுதலையே சார்” என்றாள் லொடலொடா.

“வாசலையே பாத்துக்கிட்டு கிடக்குதுன்னா நாயாத்தான் இருக்கும்.”

கடைசி வரியை டாக்டர் மறுபடியும் படித்தார். மரத்துப்போன காலில் ரத்தம் ஓட ஆரம்பித்தால் சுருக்கென்று குத்துமே, அப்படி உள்ளே எதுவோ குத்தியது. பாவம், அந்தப் பொம்பளை நம்பிக்கையோடு வந்து சொல்லியிருக்கிறாள். இவர் காதில்கூட வாங்கவில்லை.

“இப்படி ஒரு கேஸுக்கு வெறும் ‘ம்’னு சொல்லி அனுப்பியிருக்கேனே, நானெல்லாம் ஒரு டாக்டரா? ஜோடி செத்துப்போய்ப் பட்டினி கிடக்கறது எத்தனை பாத்திருக்கோம்! சும்மா விட்டா இதுவும் பின்னாடியே போயிடும்மா. இன்னைக்கு யார் யார் வந்தாங்க, சீக்கிரம் சொல்லு.”

அவர் இவ்வளவு பேசியதைக் கேட்டு லொடலொடாவுக்கே பதற்றம் தொற்றிக்கொண்டது.

“காலைல காதுல சீழ் வச்ச நாய். அது வீட்டுல ஒத்தையா வளருது. அப்புறம் நூலை முழுங்கின பூனை, அது பொட்டை. அப்புறம் உங்க அக்கா வந்து ஒரு பாட்டம் புலம்பிட்டுப் போனாங்க. சாயங்காலம் அந்த முயல் ரெண்டும். ஒண்ணை ஒண்ணு பிராண்டிக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சுங்க.”

“அப்ப இது எது? வளக்கறவங்க முகமாவது ஞாபகம் இருக்கா உனக்கு? எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது.”

லொடலொடா குனிந்து, குறிப்பின் மூலையில் பதிந்திருந்த நேரத்தைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்தாள். அவள் வாயடைத்து நின்றதை அந்த ஆஸ்பத்திரி அன்றைக்குத்தான் பார்த்தது.

“என்னம்மா முழிக்கறே? அவங்க நம்பர் இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.” தன் போனில் அவளே நம்பரைத் தட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

மறுமுனையில் எடுத்ததுதான் தாமதம், டாக்டர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

“அம்மா, ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் பேசறேன். என்னை மன்னிச்சிடுங்க. நீங்க வந்து அவ்வளவு சொல்லியும் நான் காதுல வாங்கலை. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அதைக் கொஞ்ச நேரம்கூட வீட்டுல தனியா விடாதீங்க. சாப்பாட்டை வச்சுட்டு நகந்துட்டா தொடாது, பக்கத்துல உக்காந்து கையால ஊட்டிவிடுங்க. கடிக்க வந்தாலும் திட்டாதீங்க, அது கோபம் இல்லைம்மா, துக்கம். அந்தப் போர்வையை மட்டும் எடுத்துடாதீங்க, அதோடயே படுத்துக்கட்டும். கண்டிப்பா பொழைச்சுக்கும். நீங்க மட்டும் கைவிட்டுடாதீங்க.”

போனில் யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“அம்மா? நான் பேசறது கேக்குதுங்களா?”

“டேய்… நான் அக்காடா.”