மறதிக்காரன் விட்டுப்போன கல்

"யோவ், அந்தக் கல்லை எடுத்துப் போட்டுட்டுப் போய்யா!"

கேட்டுக்குள்ளிருந்து மணிவேல் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். பிரேம்குமாருக்கு மட்டும் கேட்ட மாதிரி தெரியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினான்.

"மறந்துட்டேங்ணா! நாளைக்கு எடுத்துர்றேன்!"

நேற்றும் இதையேதான் சொன்னான். முந்தாநாளும் இதையேதான்.

ஓசூரில் அந்தக் கம்பெனி கேட் இருப்பது நல்ல மேட்டில். பிரேம்குமார் மத்தியான நேரத்தில் பைக்கோடு சேர்த்த சைடு காரில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து விற்பான். மேட்டில் நிறுத்தினால் சைடு கார் வண்டி பின்னால் உருளும். கியரில் போட்டு வைத்தாலும் பழைய வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அதனால் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பான். விற்று முடிந்ததும் களிச்சட்டி போகும், ஆள் போவான், கல் மட்டும் அங்கேயே கிடக்கும்.

மணிவேல் செக்யூரிட்டி வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனால் இந்த மாதிரி ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். தன் வண்டி நின்றால் போதும், பின்னால் வருகிறவன் கல்லில் ஏறி விழுந்தால் எவனுக்கு என்ன?

"இவனுக்கெல்லாம் வாயில சொன்னா ஆவாது" என்று முனகிக்கொண்டே போய், கல்லைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது நாட்டுக்கே நல்லது செய்த நிறைவு.

அன்றைக்குச் சாயங்கால டியூட்டி ஆள் வரவில்லை. மணிவேலே இருக்க வேண்டியதாயிற்று.

ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு சைடு கார் வண்டி முக்கி முக்கி மேடேறி வந்தது. பெட்டிக்குள் எரியும் அடுப்பு, அதன்மேல் பெரிய அண்டாவில் வேர்க்கடலை கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவருக்கு வலது கால் முழங்காலோடு சரி. கால் பிரேக் மிதிக்க வழியில்லை, எல்லாமே கை பிரேக்தான்.

அவர் நேராக அந்த இடத்துக்கு வந்தார். வண்டியை மெல்லப் பின்னால் விட்டார். சக்கரம் எதிலும் முட்டவில்லை. குனிந்து தரையைத் தேடினார்.

மணிவேல் ஓடினார். "கல்லு வெக்கட்டுமா, பெரியவரே?"

"வேணாம் சாமி. நான் பாத்துக்குவேன்."

கியரைப் போட்டார். பிரேக்கை விட்டு ஊன்றுகோலை எடுக்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான், வண்டி நழுவியது. அண்டா சாய்ந்து கொதிநீர் தளும்பியது. மணிவேல் பாய்ந்து தோளைக் கொடுத்துத் தாங்கினார். இல்லாவிட்டால் அத்தனையும் அந்த மனுஷன் மேல்தான்.

பிரேக்கை இறுக்கிப் பிடித்த பிறகு அவர் மணிவேலின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அந்த மறதிக்காரன் இன்னிக்கு மறக்காம எடுத்துட்டான் போல. நாளைக்கு ஒரு தடவ வந்து பாக்கறேன். கல்லு இல்லேன்னா நமக்குக் கீழ கிரவுண்டுதான்."

வண்டி இறங்கிப் போய்விட்டது.

ஷிப்ட் விட்டு வந்த ரஞ்சிதா கையில் சில்லறையோடு நின்றாள். "என்னாங்ணா, திம்மப்பண்ணன் திரும்பிப் போறாரு? கல்லு எங்க?"

"நான்தான் சாக்கடையில போட்டேன்."

"ஐயோ!" தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு முந்தி இருந்த செக்யூரிட்டி அண்ணன் தினமும் ஓடிப் போய் அவருக்குக் கல்லு வெப்பாரு. 'எனக்காக ஒருத்தரு ஓடி வர்ற இடம் எனக்கு வேணாம்'னுட்டு திம்மப்பண்ணன் கீழ கிரவுண்டுக்குப் போயிட்டாரு. அங்க ஆளு ஏதுங்ணா? வெந்த கடலை அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போவும். அப்பத்தான் பிரேம் அவருகிட்ட போயி, 'மத்தியானம் மேட்டுல கல்லை மறந்துட்டு வந்துட்டேன், பாத்தா தள்ளி விட்ருங்க'ன்னான். இவரு வந்து பாத்தாரு. கல்லு இருந்துச்சு, வண்டி நின்னுச்சு. அன்னியிலேர்ந்து அவன் தினமும் மறந்துட்டுத்தான் போறான்."

மணிவேல் சாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதவி செய்கிறவர்களை அவர் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார். உதவியும் செய்துவிட்டு, அதற்காகத் தினமும் திட்டும் வாங்கிக்கொண்டு, சிரித்தபடி கையைத் தூக்கிவிட்டுப் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறார். என்ன மனுஷன்ப்பா இவன் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் சாயங்கால டியூட்டியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

திம்மப்பன் வண்டி தயங்கித் தயங்கி மேடேறி வந்தது. மணிவேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"யோவ் பிரேம்குமாரு! இன்னிக்கும் கல்லை விட்டுட்டுப் போயிட்டியா? உனக்கு மண்டையில மூளை இருக்குதா, களி இருக்குதா?"

பின்சக்கரம் போய்க் கல்லில் முட்டி நின்றது. திம்மப்பன் பிரேக்கை விட்டார். வண்டி அசையவில்லை. ஊன்றுகோலை எடுத்து நிதானமாக இறங்கினார்.

"விடு சாமி" என்றார் சிரித்துக்கொண்டே. "அவன் பொறவியே அப்படி. திட்டித் திருத்த முடியுமா?"

"என்னத்தைச் சொல்றதுங்க!" என்று அலுத்துக்கொண்டே மணிவேல் போனைப் பைக்குள் போட்டார், விரலில் ஒட்டியிருந்த சாக்கடைச் சேற்றைச் சட்டைக்குப் பின்னால் துடைத்தார்.

தேன்கனிக்கோட்டையில் மச்சினன் கல்யாணம் என்று பிரேம்குமார் அன்றைக்குக் களி விற்கவே வரவில்லை.