நாலு மணி டீ

“போட்டோ புத்தம் புதுசா இருக்கே ஐயா. நேத்துதான் பிரிண்ட் போட்டீங்களா?” என்று கேட்டார் மதலேன் சிஸ்டர்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெயர் கலியமூர்த்தி, பாகூர்ப் பக்கம் விவசாயம் என்று சொல்லியிருந்தார். “முந்தாநாள் போட்டதும்மா. பள்ளிக்கூட கார்டுல இருந்த படம். காட்டிக் காட்டி நைஞ்சு போவுது. இதோட அஞ்சு காப்பி எடுத்துட்டேன்.”

நெல்லித்தோப்பில் பெயர்ப் பலகை இல்லாத வீடு அது. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மட்டும் தொங்கியது. வேலை வாங்கித் தருவதாகக் கூட்டிப்போய் விற்கப்பட்டு, மீட்கப்பட்ட பெண்கள் பதினோரு பேரை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் சிஸ்டர்.

அப்பா என்று சொல்லிக்கொண்டு அந்த வாசலுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மூன்று வருடம் முன்பு ஒருவன் எல்லாப் பேப்பரோடும் வந்து, தேம்பித் தேம்பி அழுது, ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் மறுபடி கிடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். வந்தவர் பெண்ணைப் பார்க்க முடியாது. பெண்தான் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தவரைப் பார்க்கும். அது சொல்வதுதான் முடிவு.

“பொண்ணு பேரு செந்தமிழ்ச்செல்வின்னீங்க. பொறந்த தேதி?”

“தேதி… சம்பா நடவு நேரம்மா. அன்னிக்கும் இதே மாதிரி மழைதான்.”

“பெத்தவருக்குத் தேதி தெரியாதா?” சிஸ்டரின் புருவம் ஏறியது. தட்டில் வைத்த கேக்கையும் அந்த மனிதர் தின்னவில்லை. காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“எங்க ஊரு விஜயராகவன், இங்க மாதா கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தான். பாட்டுப் பாடுன பொண்ணுங்கள்ல ஒண்ணு உம்பொண்ணு ஜாடையா இருக்குதுன்னான். ரெண்டு வருஷமா தேடுறேம்மா. சின்னவ சிந்துஜாவுக்குத் தை பொறந்தா கல்யாணம். பெரியவ பெங்களூர்ல வேலை பாக்குறான்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். உண்மை தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்.” துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “நின்னா நிக்கட்டும்மா. எனக்கு எம்பொண்ணு வேணும்.”

இப்படி அழகாகப் பேசுகிறவர்களிடம்தான் சிஸ்டருக்குப் பயம். படத்தைத் திரும்பப் பார்த்தார். ரெட்டைச் சடை போட்டு, பல் தெரியச் சிரிக்கும் பெண். இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லையே, எதை வைத்து அடையாளம் சொல்வது?

எழுந்து உள்ளே போனார். கோயிலில் பாடப் போனவர்கள் நான்கு பேர். மூன்று பேர் திரை வழியாகப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தையல் அறைக்குப் போய்விட்டார்கள். அவர் பேசியதெல்லாம் காதில் விழுந்திருந்த மாலா மட்டும் திரையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“நல்லா பாத்துச் சொல்லு மாலா.”

“எனக்கு யாருமே இல்லன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டேனே சிஸ்டர். இந்த ஆளு யாருன்னே தெரியாது.”

“நான் அப்பவே சொல்லல?” என்றாள் சமையல்கார செல்வாம்பாள். “ஏஜென்ட்டு மூஞ்சி! அழுது காட்டத் துண்டுல வெங்காயம் வச்சிருப்பான், பாருங்க. போலீசுக்குப் போன் போடுங்க சிஸ்டர்.”

“போலீஸ்லாம் வேணாம்கா.” மாலா குறுக்கே பேசினாள். “மழையில வந்திருக்காரு. ஒரு டீ குடுத்து அனுப்பிடுங்க.”

அன்று நாலு மணி டீ அவள் முறை. ஊற்றி முடித்தாள். சர்க்கரை டப்பா பக்கத்திலேயே இருக்க, விரல்கள் உப்பு ஜாடிக்குள் போயின.

“அடியே, அது உப்புடி! ஏன் இப்படிப் பதறுறே? அந்தாளு உன்னைக் கடிச்சா தின்னுடுவான்?”

“ஒண்ணும் விழலக்கா” என்று டம்ளரை சிஸ்டரிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மாலா.

சிஸ்டர் டீயை மேசையில் வைத்தார். “நீங்க தேடுற பொண்ணு இங்க இல்லீங்க.”

கலியமூர்த்தி ஒரு வாய் குடித்தார். டம்ளரை இறக்கி அதற்குள்ளேயே பார்த்தார். பார்வை கதவுத் திரைப் பக்கம் போக, சிஸ்டர் சட்டென்று நகர்ந்து மறைத்துக்கொண்டார். ‘ஆண்டவரே, இன்னொரு தடவை நான் ஏமாந்துடக் கூடாது’ என்று உள்ளுக்குள் ஜெபம் ஓடியது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாகக் குடித்தார்.

“அந்தப் பொண்ணே சொல்லிடுச்சாம்மா?”

“ஆமாங்க. இங்க அதுங்க சொல்றதுதான். என்னால எதுவும் செய்ய முடியாது.”

“செய்ய வேணாம்மா.” பையிலிருந்த கேக்கை எடுத்து, காலி டம்ளர் பக்கத்தில் வைத்தார். படத்தைச் சட்டைக்குள் நனையாமல் செருகிக்கொண்டு எழுந்தார்.

மழை விடவில்லை. அவர் வெளியே இறங்கியதும் சிஸ்டர் கேட்டைச் சாத்திப் பூட்டினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் திரும்பினார்.

“எனக்கு சுகரும்மா. வீட்டுல சக்கரைக்குப் பதிலா உப்புதான். டீயில ஒரு கல்லு உப்பு போட்டுக் குடுத்த பொண்ணுகிட்ட, அப்பா போயிட்டு வரேன்னு சொல்லுங்க.”