சத்தம் புகாத ஜன்னல்

எதிர் வீட்டு அடுக்களையில் தங்கபுஷ்பத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை.

இங்கே, தன் அடுக்களையில் அவள் மிக்ஸியை நிறுத்தினாள். குழாயை மூடினாள். மூச்சைக்கூடக் கொஞ்சம் பிடித்துப் பார்த்தாள்.

ஊஹும்.

நேற்றுதான் ஜன்னலை மாற்றியிருந்தார்கள். பழையது மரம். மழைக்கு உப்பும், வெயிலுக்கு இளைக்கும், தாழ்ப்பாள் ஒரு நாளும் விழாது. ஜன்னலை எப்போது மாற்ற வேண்டும் என்று கணவர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெளிச் சத்தம் உள்ளே வந்தால் யோசிக்கவே கூடாதாம். இரட்டைக் கண்ணாடி போட்டு, சுற்றிலும் ரப்பர் வைத்து, இனி இடி விழுந்தாலும் கேட்காது என்று தட்டிக் காட்டினார்.

நல்ல மனிதர். விவரம்தான் பத்தாது.

அவளும் தங்கபுஷ்பமும் பேசி ஆறு வருடமாகிறது. இரவல் போன இட்லிச் சட்டி மூடியில்லாமல் திரும்பி வந்த நாளிலிருந்து பேச்சில்லை. ஆனால் ஜாடையில் இருவருமே குறை வைத்ததில்லை. இவள் பூனையைத் திட்டுவாள். பதிலுக்குத் தங்கபுஷ்பம் கேஸ் அடுப்பைத் திட்டுவாள். பெயர் சொல்லக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது. நடுவில் இருப்பது நாலடிச் சந்து. உறைக்க வேண்டியவருக்கு உறைத்துவிடும்.

தங்கபுஷ்பத்தின் மகன் ஓசூருக்குத் தனிக்குடித்தனம் போன விஷயமும் இவளுக்கு அப்படித்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க இவள் பூனையை ஒன்றும் சொல்லவில்லை.

இன்று தங்கபுஷ்பம் முருங்கைக்காய் நறுக்கியபடி பேசினாள். கத்தி மேலே போய்க் கீழே வந்தது. நடுவில் சிரிப்பு வேறு.

சிரிக்கும்படி இந்த வீட்டில் என்ன நடந்தது?

ஜன்னலைத் திறந்தால் ஒட்டுக் கேட்கத் திறந்தாள் என்றாகும். மூடியே வைத்தால் பதில் இல்லாமல் வாயடைத்துப் போனாள் என்றாகும். இரண்டாவதை நினைத்தால் சோறே இறங்காது.

கணவர் வந்து காபி கேட்டார். வீடு அமைதியாகிவிட்டதா என்றும் கேட்டார். காபி மட்டும் கிடைத்தது.

பதினொரு மணிக்கு எதிரே வாய் நின்றது. தங்கபுஷ்பம் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். நேருக்கு நேராக. பிறகு அடுக்களையில் ஆளைக் காணவில்லை.

பேசாமல் ஜன்னலைத் திறந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வாசல் மணி அடித்தது.

தங்கபுஷ்பம்தான். தன் மாடியிலிருந்து இறங்கி, இந்த மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இவளைப் பார்க்கவில்லை. செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னாள்:

“காலையில இருந்து தொண்ட கிழியக் கத்துதேன், ஒரு சத்தத்தையும் காணோம். உடம்புக்கு என்னமோ ஏதோன்னு ஒரு மனுஷி பதறி ஓடி வந்தா, இங்க குத்துக்கல்லு மாதிரில்லா நிக்காங்க.”

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டினால் ஆறு வருட மானம் போய்விடும். சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

“வீட்டுக்கு வந்த ஆளை உள்ள கூப்பிடணும்னு தெரியாதா உங்களுக்கு?”

ஒன்றும் புரியாத கணவர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காபியில் சர்க்கரை வேண்டாம் என்று நாற்காலியின் கையிடம் சொன்னாள்.